படம் முடிந்த உடனே விளக்கைப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் திருநெல்வேலிப் பக்கத்துத் தியேட்டர்களில் கடைசி ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து, எல்லா விளக்கையும் ஒரே சமயத்தில் போட்டு, ஜனங்களை வெளியே அனுப்புகிற பழக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். நான் அம்பாசமுத்திரத்திலும் பிறகு திருநெல்வேலி டவுனிலும் சினிமா ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். படத்தை எப்படி முடிக்க வேண்டும் என்பது என் தொழிலில் ஒரு பங்கு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் வீட்டம்மாவோடும் மகள் குடும்பத்தோடும் மேட்னி ஷோவுக்குப் போயிருந்தேன். எந்தத் தியேட்டர் என்று சொல்லவில்லை, ஒரு தியேட்டரோடு நிற்கிற சங்கதியில்லை இது. படத்தின் முடிவில், மகனைப் பறிகொடுத்த தாய் ஊருக்குத் திரும்பி வந்து தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும். வசனம் கிடையாது, இசையும் நின்றுவிட்டது. அந்த அம்மாள் திண்ணைத் தூணைப் பிடிப்பதற்குள் வலது பக்கக் கதவு படாரென்று திறந்தது. சாயங்கால வெயில் நேரே உள்ளே விழுந்து திரையில் பாதி வெளுத்துப் போயிற்று. அடுத்த நொடி தலைக்கு மேல் விளக்கெல்லாம் எரிந்தன.

எனக்கு முன் வரிசையில் ஐம்பது, ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண்மணி. முகமெல்லாம் கண்ணீர். முந்தானையை எடுப்பதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது. பக்கத்தில் மருமகள் போலத் தெரிந்த பெண் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமியார் அழுததைத் தான் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ள வேண்டுமே. அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார். யாருக்காக அந்த வேஷம்? அழ வைப்பதற்காகத்தான் படம் எடுத்தார்கள், அழத்தான் காசு கொடுத்து வந்தார். இன்னும் ஒரு நிமிஷம் இருட்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரியாமல் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பார்.

என் மனைவி முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள். நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் காலை ஊன்றி நிற்கவே கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் “கொஞ்சம் வழி விடுங்க ஆச்சி” என்று பின்னாலிருந்து ஒரு பையன். அவன் மரியாதையாகத்தான் கேட்டான். ஆனால் வரிசை முழுக்க எழுந்து நிற்கிறது, முன்னே போகவும் முடியவில்லை, மறுபடி உட்காரவும் முடியவில்லை, செருப்பு இருக்கைக்கு அடியில் எங்கேயோ போய்விட்டது. வரிசை முனையில் துடைப்பத்தோடு ஒரு தம்பி காத்து நிற்கிறான். எல்லாரும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பது போன்ற முகத்தோடு, ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் பக்கவாட்டில் நகர்ந்து போகிறோம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் இத்தனை பேரும் ஒரே இடத்தில் சிரித்து, ஒரே இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம்.

“நம்ம ஜனங்களுக்குப் பொறுமை கிடையாது, படம் முடியுமுன்னே எழுந்து ஓடுவார்கள்” என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இதில் சம்மதமில்லை. அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று படம் ஓட்டுகிற கேபினில் இருந்து பார்த்தவனுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் டைட்டில் முழுவதும் படத்தின் தொடக்கத்திலேயே போய்விடும். நடிகர்கள் பெயர், பாட்டு, சண்டை, ஸ்டில்ஸ், லேப் வரைக்கும் எல்லாம் முன்னாலேயே. கடைசியில் போலீஸ் வந்து வில்லனைப் பிடித்துப் போகும், பிரிந்த குடும்பம் ஒன்று சேரும், எல்லாரும் வரிசையாக நின்று சிரிப்பார்கள். அந்த வரிசையைப் பார்த்ததுமே கொட்டகையில் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ‘சுபம்’ அல்லது ‘வணக்கம்’ என்று எண்ட் கார்டு விழுந்தால் அதற்குப் பிறகு பார்க்க ஒன்றுமே கிடையாது. 1962 சீனப் போருக்குப் பிறகு சில வருஷங்கள் படம் முடிந்ததும் தேசிய கீதம் போட்டார்கள். நான் சிறுவன். கீதம் தொடங்குமுன் வாசலை எட்டிவிட வேண்டும் என்று ஒரு கூட்டம் ஓடும், ஓட முடியாதவர்கள் பாதி வழியில் அப்படியே நிற்பார்கள். எழுபதுகளின் நடுவில் அது நின்றுபோனது. அப்புறம் கடைசி பஸ். ஃபர்ஸ்ட் ஷோ விட்டதும் பிடிக்கிற பஸ்ஸைத் தவறவிட்டால் கடையத்துக்காரரும் பாப்பாக்குடிக்காரரும் எங்கே போய்ப் படுப்பார்கள்? ஆக அன்றைக்கு எழுந்து ஓடியதற்கு நியாயம் இருந்தது.

அவ்வளவு அவசரத்திலும் நாங்கள் படத்தை முறையாக முடித்தோம். என்னைத் தொழிலில் வைத்த பெரிய ஆபரேட்டர் அதில் கண்டிப்பானவர். 1,000 அடி ரீல் சுமார் 11 நிமிடம் ஓடும். இரண்டு ரீலை ஒட்டி ஒரே ஸ்பூலில் சுற்றியிருப்போம். கேபினில் இரண்டு புரொஜக்டர் மிஷின் இருக்கும். ஒரு மிஷினில் ரீல் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அதைப் பார்த்ததும் அடுத்த மிஷினை ஓட்டி, இரண்டாவது புள்ளிக்கு ஒன்றை மூடி இன்னொன்றைத் திறக்க வேண்டும். இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். கடைசி ரீலை எப்படி விடுவது என்பதைத்தான் அவர் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார். எண்ட் கார்டு முழுசாக ஓடி முடிகிற வரை கையை விளக்கு சுவிட்சுக்குக் கொண்டுபோகவே கூடாது. முதலில் மிஷினுக்குள் எரிகிற கார்பன் வெளிச்சத்தை மூட வேண்டும். அதன்பின் சுவரோரத்தில் இருக்கிற மங்கல் விளக்குகள் மட்டும். துவாரத்தின் வழியே கீழே பார்த்து, பாதித் தலைகள் எழுந்து நின்ற பிறகு நடு விளக்குகள். அப்புறம் மெதுவாக ஒரு ரிக்கார்டு. கதவுக்காரருக்கு மணி அடிப்பதும் நாங்கள்தான், மணி கேட்காமல் அவர் தாழ்ப்பாளைத் தொட மாட்டார். வாசலில் தடித்த கறுப்புத் துணி தொங்கும். கதவு திறந்தாலும் வெயில் உள்ளே வராது.

“மூணு மணி நேரம் தூக்கிச் சுமந்துட்டு வந்த புள்ளையக் கடைசியில பொத்துன்னு கீழ போடலாமாலே?” என்பார் அவர். இப்போதும் அவர் குரல் எனக்குக் கேட்கிறது.

வெளியே போனபின்னும் அந்த ஜனங்களுக்கு நேரம் இருந்தது. அம்பாசமுத்திரத்தில் செகண்ட் ஷோ விட்டால் கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் தாமிரபரணிப் பாலத்தின் மேல் கூட்டம் கூட்டமாக நடந்து போவார்கள். மிஷினைத் துடைத்து, ரீலைத் திருப்பிச் சுற்றிவிட்டு நான் இறங்கி வரும்போதும் பாலத்தில் பேச்சுச் சத்தம் கேட்கும். வில்லனைத் திட்டுவார்கள், பாட்டை முணுமுணுப்பார்கள், சில பேர் ஒன்றும் பேசாமல் நடப்பார்கள். ஊர் போய்ச் சேருகிறதற்குள் படம் அவர்களுக்குள் அடங்கிவிடும். இன்றைக்கு அந்த நடை கிடையாது. நாற்காலியிலிருந்து எழுந்தால் படி, படி இறங்கினால் பார்க்கிங், பைக்கை முடுக்கினால் ஹாரன். முன்பு பாலத்தில் கிடைத்த நேரத்தை இப்போது தியேட்டருக்குள்தான் கொடுக்க முடியும்.

இன்னொரு மாற்றமும் வந்துவிட்டது. முன்னால் இருந்த டைட்டில் இப்போது பின்னால் போய்விட்டது. பெரிய பெயர்கள் சிலதை மட்டும் தொடக்கத்தில் காட்டிவிட்டு, மீதியை ரோலிங் டைட்டிலாகக் கடைசியில் விடுகிறார்கள். லைட்மேன், மேக்கப், காஸ்ட்யூம், சவுண்டு, டப்பிங், புரொடக்‌ஷனில் சாப்பாடு போட்டவர், கிராபிக்ஸில் இரவு பகலாக உட்கார்ந்தவர்கள் எல்லாருக்கும் இடம் அங்கேதான். ஆனால் தியேட்டர்களில் விளக்குப் போடுகிற பழக்கம் மட்டும் ‘வணக்கம்’ காலத்திலேயே நின்றுவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம். தகப்பனார் பேட்டையில் தறி ஓட்டியவர். அவர்கள் மகள் சென்னையில் ஒரு கிராபிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒரு பெரிய படத்தில் அவள் பெயர் வருகிறது என்று போனில் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு வீட்டில் விசேஷம் மாதிரிதான். தாயும் தகப்பனும் அத்தையும், அந்த அத்தை மகனுமாகக் கிளம்பிப் போனார்கள். “நீங்களும் வாங்க அண்ணாச்சி, உங்களுக்குத்தான் எந்த இடத்துல வரும்னு தெரியும்” என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

படம் முடிந்தது. ரோலிங் தொடங்கியதும் தொடங்காததுமாக விளக்கு வந்துவிட்டது. வெள்ளை எழுத்து, கறுப்புப் பின்னணி. அந்த வெளிச்சத்தில் கறுப்பு சாம்பலாகி, எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரித்தான் தெரிந்தது. முன்னால் இருநூறு பேர் எழுந்து நிற்கிறார்கள். அந்தத் தாய் படியில் நின்று, இறங்குகிற கூட்டத்துக்கு நடுவே எட்டி எட்டிப் பார்க்கிறார். தகப்பனார் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கிறார். “இனிமேத்தான் வருமா, போயிட்டா?” என்று என் கையைப் பிடித்துக் கேட்கிறார் அவர். கிராபிக்ஸ் பகுதி வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. நான் பதில் சொல்லும்போதே திரை அணைந்துவிட்டது. பாதி ரோலிங்கில் நிறுத்திவிட்டார்கள். வாசலில் நின்ற பணியாளரிடம் அந்த அம்மாள் போய், “எங்க பிள்ள பேரு வரணும்யா” என்றார். “அடுத்த ஷோவுக்கு ஆள் நிக்குதும்மா” என்று அவர் சொன்னார். அவரும் கூசித்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். அதில் முன்னால் நின்றவர்களின் தலைதான் இருந்தது.

இது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நான் வேலை பார்த்த காலத்தில் படத்தை முழுசாக ஓட்டாமல் கடைசி நூறு அடியை வெட்டினால் வினியோகஸ்தர் ஆள் அனுப்பிக் கேட்பார். டிக்கெட் வாங்கியவர் முழுப் படத்துக்கும் வாங்குகிறார். ரோலிங் டைட்டிலும் படம்தான்.

போதாததற்கு, ரோலிங்குக்கு நடுவிலோ முடிவிலோ ஒரு துண்டுக் காட்சியைச் சில படங்களில் வைக்கிறார்கள். “ஏதும் வருமா?”, “வரும்ங்காம்லே”, “அப்ப உட்காரும்வே, பின்னால மறைக்கி” என்று பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் ஜனங்கள் தவிக்கிறார்கள். வருகிறதா இல்லையா என்று இன்டர்வெல்லில் ஒரு ஸ்லைடு போட்டுவிட்டால் தீர்ந்தது.

தியேட்டர்காரர்களுடைய சங்கடம் எனக்குத் தெரியாததில்லை. நாள் ஒன்றுக்கு நாலு ஷோ, பெரிய படமென்றால் ஐந்து. படமோ இரண்டே முக்கால் மணி, இன்டர்வெல் வேறு. இரண்டு ஷோவுக்கு நடுவில் பெருக்கி, கழிவறை கழுவி, அடுத்த கூட்டத்தை உள்ளே விட வேண்டும். கரண்ட் பில்லும் கூலியும் ஏறிக்கிடக்கிற காலத்தில் ஒவ்வொரு நிமிஷமும் அவர்களுக்குக் காசு. ஆகவே எல்லாரையும் கடைசி எழுத்து வரை உட்கார வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. கைக்குழந்தை வைத்திருப்பவரும், பஸ்ஸுக்குப் போகிறவரும், படம் பிடிக்காதவரும் தாராளமாக எழுந்து போகட்டும். அவர்கள் விழாமல் போகிறதற்குப் படி விளக்கும் சுவரோர மங்கல் விளக்கும் போதும். நடு விளக்கை மட்டும் ரோலிங் முடிகிற வரை போடாதீர்கள். இருபது பேர் உட்கார்ந்திருந்தால் அந்த இருபது பேரைச் சுற்றிப் பெருக்குவது பெரிய வேலையில்லை.

இதற்குச் செலவும் கிடையாது. என் கடைசி வருஷங்களில் ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்துவிட்டது, கியூப் என்கிற டிஜிட்டல் சினிமா மிஷினிலும் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது படத்தை ஓட்டுகிற கம்ப்யூட்டரான சர்வரில் ஒரு பட்டியல் போடுகிறார்கள்: விளம்பரம், டிரெய்லர், படம், இன்டர்வெல் என்று வரிசையாக. எந்த நிமிஷம் எந்த நொடியில் எந்த விளக்கு எரிய வேண்டும் என்பதையும் அந்தப் பட்டியலிலேயே குறித்துவைக்க வழி இருக்கிறது. ரோலிங் தொடங்குகிற இடத்தில் மங்கல் விளக்கு, கடைசி ஃபிரேமில் முழு விளக்கு என்று ஒரு தடவை குறித்துவிட்டால் அந்தப் படம் ஓடுகிற நாளெல்லாம் தானே நடக்கும். நாங்கள் கையால் செய்ததை மிஷின் இன்னும் நன்றாகச் செய்யும். தானாக விளக்குப் போடும் வசதி இல்லாத சின்ன ஊர்த் தியேட்டர்களில், சுவிட்சு போடுகிறவருக்கு நேரத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும்.

கதவு விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். யாரும் இதைப் படித்துவிட்டுக் கதவைப் பூட்டி வைக்கக் கூடாது. 1979-இல் தூத்துக்குடியில் சினிமா கொட்டகை தீப்பிடித்து எரிந்தபோது தூத்துக்குடி நம் நெல்லை மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் கேபினில் யாரும் சாப்பிடவில்லை. 1997-இல் டெல்லி உபஹார் தியேட்டரில் 59 பேர் செத்ததற்கு வெளியேறும் வழி சரியில்லாததும் ஒரு காரணம். தமிழ்நாட்டு சினிமா விதிகள் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், வழியில் தடை இருக்கக் கூடாது என்று சொல்வது சும்மா இல்லை. தாழ்ப்பாள் போடாத கதவாக இருக்கட்டும், ஆள் நிற்கட்டும், ஆனால் கடைசி ஷாட்டில் அதை விரியத் திறக்க வேண்டாம். கதவுக்கு உள்ளே அந்தப் பழைய தடித்த துணியை, தரையில் இழுபடாமல், தீப்பற்றாத துணியாகப் பார்த்து மாட்டினால் திறந்தாலும் வெளிச்சம் வராது.

வெளியேறும் வழியையும் கவனிக்க வேண்டும். உள்ளே வரும்போது கண்ணாடிக் கதவு, ஏசி, பளபளவென்று தரை. வெளியே போகும்போது ஜெனரேட்டர் பக்கத்துச் சந்து, ஈரமான படி, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும், அதுவும் ஆடுகிறது. என் மனைவி அந்தப் படியில் ஒவ்வொன்றாக இறங்கும்போது பின்னால் முழுத் தியேட்டரும் நின்றது. வயதானவர்கள் வந்த வழியே லாபி பக்கமாகப் போகிறதற்கு ஒரு பணியாளரை நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்? பார்க்கிங்கில் இரண்டு கேட் இருந்தும் ஒன்றைத்தான் திறக்கிறார்கள். அந்த நெரிசலுக்குப் பயந்துதான் பாதிப் பேர் கிளைமாக்ஸிலேயே எழுந்து போகிறார்கள். இரண்டாவது கேட்டைத் திறந்தால் அவர்களும் கடைசி வரை உட்காருவார்கள்.

வாசலில் மைக்கோடு நிற்கிற யூடியூப் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. படியை விட்டு இறங்குமுன்னே “படம் எப்படி இருக்கு?” என்று முகத்துக்கு நேரே நீட்டுகிறீர்கள். கண் சிவந்து வருகிறவரிடமும் நீட்டுகிறீர்கள். “நல்லாருக்கு, பாக்கலாம்” என்று அவர் சொல்வது தப்பித்துப் போவதற்காக. கேட்டுக்கு வெளியே, டீக்கடைப் பக்கம் நில்லுங்கள். பேச விருப்பப்பட்டவர் தானே வந்து பேசுவார், நல்ல பேச்சும் கிடைக்கும்.

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டத் தியேட்டர் முதலாளிகளையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வருகிற தீபாவளிப் படங்களுக்காவது, ஒரு வாரம், ரோலிங் முடிகிற வரை நடு விளக்கைப் போடாமல் ஓட்டிப் பாருங்கள். விளக்கு நேரத்தைக் குறிப்பதில் ஆபரேட்டர் தம்பிகளுக்குச் சந்தேகம் இருந்தால் நான் வந்து கூட உட்காருகிறேன். எனக்குக் கூலி வேண்டாம், கேபினில் ஒரு ஸ்டூல் போட்டால் போதும். உங்கள் பத்திரிகை அலுவலகத்தில் என் முகவரி இருக்கிறது, கேட்கிறவர்களுக்குக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சினிமா ஆபரேட்டர்,
பாளையங்கோட்டை.